நூலகக் கதவும் நோயறியும் உரிமையும்

வெள்ளி விழாக் காணும் நம் சங்கம் தொடக்க நாளிலேயே படிப்பகம் ஒன்றை அமைத்தது. படிப்பகத்தால் பிணி தீருமா என வினவுவோர் இன்றும் உளர். அவர்கட்கு அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாற்றையே விடையாகக் கூற விரும்புகிறோம். அவ்வரலாறு நமக்கு அயலானதன்று. அண்ணல் அம்பேத்கர் 1946-ஆம் ஆண்டில் கறுப்பின அறிஞர் டு பாய்ஸ் அவர்கட்குக் கடிதம் எழுதி, தீண்டப்படாதார் நிலையும் அம்மக்கள் நிலையும் பெரிதும் ஒத்திருத்தலைச் சுட்டிக் காட்டினார்.

அமெரிக்கத் தென்மாநிலங்களில் நம் தெருவும் கிணறும் போலவே நூலகமும் பிரிக்கப்பட்டிருந்தது. 1961-ஆம் ஆண்டு மார்ச் 27-ஆம் நாள், டூகலூ கல்லூரியின் கறுப்பின மாணவர் ஒன்பதின்மர் மிசிசிப்பி மாநிலத்து ஜாக்சன் நகரில் வெள்ளையர்க்கெனவே இருந்த பொது நூலகத்திற்குள் சென்றனர். தமக்கென ஒதுக்கப்பட்ட நூலகத்தில் இல்லாத நூல்களைக் கேட்டு அமர்ந்தனர். புத்தகம் கேட்ட குற்றத்திற்காகச் சிறையில் அடைக்கப்பட்டனர்.

அறிவின் கதவு அடைபட்டால் உடலுக்கு என்ன நேரும்? அலபாமா மாநிலத்து டஸ்கிகீ நிகழ்ச்சி அதனைக் காட்டும். 1932-ஆம் ஆண்டு முதல் கறுப்பின ஆடவர் ஏறத்தாழ 600 பேரை அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரத் துறை ஆய்வுக்கு உட்படுத்தியது. அவருள் 399 பேர் மேகநோயுற்றோர். தமக்குற்ற நோய் இன்னதென்று அவர்கட்கு உரைக்கப்படவில்லை. ‘கெட்ட இரத்தம்’ என்றே கூறப்பட்டது. பெனிசிலின் அந்நோய்க்கு ஏற்ற மருந்தெனத் தெளிந்த பின்னரும் அஃது அவர்கட்கு அளிக்கப்படவில்லை. 1972-இல் செய்தித்தாள் வாயிலாக உண்மை வெளிவந்த பின்னரே, நாற்பது ஆண்டுக் கொடுமை முடிவுற்றது. நூலகம் ஒன்றே அதனைத் தடுத்திருக்கும் என நாம் கூறவில்லை. ஆயின், அக்கொடுமை அறியாமையைக் காவலாகக் கொண்டே நிலைத்தது என்பதில் ஐயமில்லை.

1997-ஆம் ஆண்டு மே 16-ஆம் நாள் அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் கிளிண்டன் அம்மக்களிடம் மன்னிப்புக் கோரினார். மறுமாதமே, தேசிய மருத்துவ நூலகம் தன் மருத்துவக் கட்டுரை அட்டவணையை இணையத்தின் வழி எவரும் கட்டணமின்றிக் காணத் திறந்துவிட்டது. 1836-இல் படை மருத்துவர்க்கெனத் தோன்றிய நூலகம் அது. 1998-இல் பொதுமக்களுக்கு எளிய மொழியில் நோய் விளக்கங்களைத் தரும் ‘மெட்லைன்பிளஸ்’ என்னும் தளத்தையும் தொடங்கியது. அவ்வாண்டிலேயே 9 மாநிலங்களிலும் தலைநகரிலும் 200-க்கு மேற்பட்ட பொது நூலக இடங்களில் நலவாழ்வுச் செய்தி வழங்கும் முன்னோடித் திட்டமும் தொடங்கப்பட்டது.

மருத்துவமனை இருக்க, பொது நூலகம் எதற்கு? வீட்டில் கணிப்பொறி இல்லாதாரும் நூலகத்திற்கு வரலாம். மருத்துவர்முன் கேட்க நாணுவதை அங்கே தாமே தேடிப் படிக்கலாம். நூலகர் மருந்து கூறுவதில்லை. நம்பத்தக்க நூல் இது, விளம்பரம் இது எனப் பிரித்துக் காட்டுவார். அதனைப் படித்தறிந்தவர், மருத்துவரிடம் கேட்க வேண்டிய வினாவோடு செல்வார். டஸ்கிகீயில் மறுக்கப்பட்டது அவ்வினாவே.

நாம் செய்யத்தக்கது யாது? நம் படிப்பகத்தில் நலவாழ்வு நூல்களுக்கென ஓர் அடுக்கு வேண்டும். எழுத்தறியாத நம் தாய்மார்க்கு வாரம் ஒருமுறை அவற்றை இளைஞர் வாய்விட்டுப் படித்துக் காட்டல் வேண்டும். மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் என்ன எழுதியிருக்கிறதென்று கேட்கவும் அஞ்சித் திரும்பும் முதியோர் நம் தெருவில் இனி இருத்தலாகாது. இவ்விழா ஆண்டில் நாம் ஏற்க வேண்டிய உறுதி இதுவே.