துளை போட்டவர்கள்

முப்பது வருஷமாக கோடம்பாக்கத்தில் கீபோர்டு புரோகிராமிங் செய்கிறேன். கீபோர்டைத் தொட்ட நேரத்தைவிட மவுஸைப் பிடித்த நேரம்தான் அதிகம். மணிக்கட்டில் தைலம் தேய்க்காமல் படுத்த ராத்திரி குறைவு.

திரையின் இடது ஓரத்தில் ஒரு பியானோ செங்குத்தாக நிற்கும். அதையொட்டிக் கட்டங்கள். பென்சிலை வைத்து அழுத்தினால் சுரம் விழும், இழுத்தால் நீளும். அந்த ஜன்னலுக்குப் பெயர் பியானோ ரோல். "ஏன்டா ரோல்?" என்று என் உதவியாளனைக் கேட்டேன். "அப்படித்தான் சார் சொல்றாங்க" என்றான்.

நிஜமாகவே அது காகிதச் சுருள்தான். தானே வாசிக்கும் பியானோவில் சுருள் ஓடும்போது துளை வந்த இடத்தில் காற்று புகும், சுத்தி கம்பியைத் தட்டும். தாளின் நீளம் காலம், அகலம் சுரம். ஆளுக்கொரு அளவில் சுருள் விற்ற அமெரிக்கக் கம்பெனிகள், 1908இல் பஃபலோ நகரில் கூடி ஒரே அளவுக்கு ஒத்துக்கொண்டன: பதினொன்றேகால் அங்குல அகலம், 88 சுரம். இதே சமாதானம் 1983 ஜனவரியில் கலிபோர்னியாவில் மறுபடி நடந்தது. ஒரு அமெரிக்கக் கருவியையும் ஒரு ஜப்பானியக் கருவியையும் ஒற்றை கேபிளில் சேர்த்துக் காட்டினார்கள். கருவிகள் ஒன்றோடொன்று பேசும் பொதுமொழியான மிடி பிறந்தது.

அதற்கு முன் 1977இல் வந்த ரோலண்ட் எம்சி-8 கருவியில் ஒவ்வொரு சுரத்தையும் எண்ணாகத் தட்ட வேண்டும். கணக்குப்பிள்ளை வேலை! மவுஸ்தான் பழைய காகிதத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. மிடி துளைகளோடு 1985இல் வந்த அட்டாரி எஸ்டி கம்ப்யூட்டரில், 1989இல் ஹாம்பர்க்கின் ஸ்டைன்பெர்க் கம்பெனி க்யூபேஸ் என்ற இசை மென்பொருளை இறக்கியது. சுருளைப் படுக்கப் போட்டது போல அதில் ஒரு ஜன்னல்.

ஆனால் கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவில் ஒன்றுமில்லை. தோடி காந்தாரத்தை எந்த வரிசையில் வைப்பது? கீழே பிட்ச் பெண்ட் பட்டையில் அலையலையாகக் கோடு போடுகிறேன். கொஞ்சம் நடுங்கினால் காந்தாரம் அழுகிறது. இரண்டு செகண்டு அசைவுக்கு நேற்று நாற்பது நிமிடம் போயிற்று.

அப்போதெல்லாம் தானே வாசிக்கும் பியானோவுக்கு இசையமைத்த கான்லன் நான்கரோவை நினைத்துக்கொள்வேன். அமெரிக்காவில் பிறந்து மெக்சிகோ சிட்டியில் குடியேறியவர். 1947இல் நியூயார்க் போய், துளையிடும் இயந்திரத்துக்கு ஏற்பாடு செய்துகொண்டு வந்து, சில நிமிட இசைக்கு மாதக்கணக்கில் துளை போட்டார். தப்பினால் அழிக்கும் பொத்தான் இல்லை, ஒட்டித்தான் மூட வேண்டும். மனித விரல் வாசிக்க முடியாததற்காக அவர் அந்தப் பாடு பட்டார். நானோ, புல்லாங்குழல்காரர் ஒரே மூச்சில் ஊதிவிட்டுக் காபி குடிக்கப் போகிற சங்கதிக்காக மவுஸை இழுத்துக்கொண்டிருக்கிறேன்.

அவருடைய 21ஆம் ஸ்டடியைத் தேடிக் கேளுங்கள். ஒரு குரல் வேகமெடுக்க, இன்னொன்று தளர்ந்துகொண்டே போகும். அத்தனையும் கையால் போட்ட துளை.