பழைய குரலும் புதிய தட்டும்



யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். செல்லரித்த ஏடுகளைத் தேடிப் பெற்று, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, பழந்தமிழ் நூல்களைக் காத்தவர் அவர். பெயர்த்தெழுதுந்தோறும் பிழை புகும் என்பது ஏட்டுச்சுவடியின் இயல்பு. சிதைந்த இடத்தைத் தம் கற்பனையால் நிரப்புவோன் நூலைக் காப்பவன் அல்லன்; அதனைத் தன்னுடையதாக ஆக்கிக் கொள்பவன். பதிவான குரலுக்கும் இவ்விதி பொருந்தும். பழைய இசைத்தட்டுக்கள் இன்று புதிய வடிவிற் பல முறை வெளிவருகின்றன. அவற்றின் ஒலித் தரத்தை எவ்வாறு மதிப்பிடுவது என்பதை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வோம்.

1902ஆம் ஆண்டு பிரெட் கைஸ்பர்க் என்னும் ஒலிப்பதிவாளர் கல்கத்தாவுக்கு வந்து, கௌஹர் ஜான் முதலியோரின் பாடல்களைப் பதிவு செய்தார். 1908இல் அந்நகரிலேயே தட்டு வார்க்கும் தொழிற்சாலை எழுந்தது. அக்காலத் தட்டுக்கள் அரக்கைக் கலந்து வார்க்கப்பட்டவை. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடப் பாட்டே அடங்கும். பாடுவோர் ஒரு பெரிய கூம்புக் குழலின் வாயருகே நின்று உரக்கப் பாட வேண்டும். குரலின் வலிமையே ஊசியை அசைத்து மெழுகிற் கோடு கீறும். 1925இல் ஒலிவாங்கியும் மின்முறைப் பதிவும் வந்த பின்னரே மென்மையான குரலும் தட்டில் ஏறும் வாய்ப்புப் பெற்றது.

எஸ். ஜி. கிட்டப்பா, கே. பி. சுந்தராம்பாள், டி. என். இராஜரத்தினம் பிள்ளை, என். சி. வசந்தகோகிலம் ஆகியோரைத் தமிழ் மக்கள் வீட்டிலிருந்தே கேட்க வகை செய்தவை இத்தட்டுக்கள். கிட்டப்பா 1933இலும், வசந்தகோகிலம் 1951இலும் இளமையிலேயே மறைந்தனர். கிட்டப்பாவின் குரலைப் பொறுத்தவரை இசைத்தட்டே மூலச்சுவடி.

1948இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு முப்பத்து மூன்றும் மூன்றில் ஒரு பங்குமான சுற்று அளவில் மெல்லச் சுழலும் நெடுந்தட்டை வெளியிட்டது. உடையாத வினைலில் வார்த்த அத்தட்டின் ஒரு பக்கம் இருபது நிமிடத்துக்கு மேலும் இசைக்கும். பழைய அரக்குத் தட்டுக்களின் பாடல்கள் முதலில் நெடுந்தட்டுக்கும், பின்னர் ஒலிநாடாவுக்கும், 1982க்குப் பின் குறுந்தட்டுக்கும் பெயர்ந்தன. இந்நாளில் வினைல் தட்டு மீண்டும் விரும்பப்படுகிறது. ஒவ்வொரு பெயர்ப்பும் ஏடு பெயர்த்தெழுதுதல் போன்றதே.

இதில் வன்னி மக்களாகிய நமக்கென்ன என்று நேயர் சிலர் வினவலாம். கோயில் திருவிழாவிலும் கலியாண வீட்டிலும் ஒலிபெருக்கியில் எழுந்த இசைத்தட்டுக்களே நம் ஊர்களின் இசைப் பள்ளிக்கூடங்களாக விளங்கின. அவற்றோடு, கொழும்பில் ஆசியாவின் பெருஞ் சேகரங்களுள் ஒன்றாகிய இசைத்தட்டுக் களஞ்சியத்தை உடைய இலங்கை வானொலியும் துணை நின்றது. 1990களிற் பற்றறி கிடைத்தற்கரிய பொருளான போது, துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள் நம் மக்கள். 2009இல் முடிவுற்ற போரின் இடப்பெயர்வுகளில் வீடும் பொருளும் இழந்தோருக்கு இசைத்தட்டைச் சுமந்து செல்லல் இயலுமோ? ஆதலின் ஒப்பிட்டுப் பார்க்க மூலத்தட்டு நம் இல்லங்களில் இல்லை. மறுபதிப்பு எதனைத் தருகிறதோ அதுவே நம் பிள்ளைகளுக்குக் கிட்டப்பாவின் குரலாகும். இக்காரணத்தால் மறுபதிப்பை ஆராய்ந்து கொள்ளும் கடமை பிறரினும் நமக்கே மிகுதி.

அவ்வாராய்ச்சியில் முதலில் நோக்கத் தக்கது வேகம். நிமிடத்துக்கு 78 சுற்று என்பது பின்னர் நிலைபெற்ற வழக்கு. தொடக்க காலத் தட்டுக்களிற் பல அதனினும் மெல்லவோ விரைந்தோ சுழன்று பதிவானவை. நான்கு அல்லது ஐந்து சுற்று வேறுபட்டால் சுருதி ஏறத்தாழ அரைக் கட்டை மாறிவிடும். தாளத்தின் நடையும் மாறும். இராஜரத்தினம் பிள்ளை அவர்கள், உச்சத்தில் ஒலிக்கும் திமிரியை விடுத்து, நீளமும் தாழ்ந்த சுருதியும் உடைய பாரி நாகசுரத்தை நிலைநாட்டியவர். அவருடைய தட்டை அளவுக்கு மீறி விரைவாகச் சுழற்றிப் பெயர்த்தால், அவர் செய்த புதுமையே நம் செவிக்கு எட்டாது போய்விடும். நாடகப் பாடல்களில் உடன் ஒலிக்கும் ஆர்மோனியம் இதற்கொரு துணைச் சான்று. அதன் கட்டைகள் நிலையானவை. மறுபதிப்பின் சுருதி இரு கட்டைகளுக்கு இடையே தொங்கி நின்றால், வேகத்தை ஐயுறுவது தகும்.

இரண்டாவது, இரைச்சல். அரக்குத் தட்டில் ஊசி உராயும் ஓசை தவிர்க்க இயலாதது. இக்காலக் கணினி அதனை எளிதில் அகற்றும். ஆனால், உராய்வோசை இருக்கும் உச்ச அதிர்வுகளிலேயே சகரம் போன்ற மெய்யெழுத்துக்களின் கூர்மையும், பாடுவோர் மூச்சு வாங்கும் ஒலியும், நாகசுரத்தின் மினுமினுப்பும் இருக்கின்றன. களையைப் பிடுங்குவோன் பயிரையும் சேர்த்துப் பிடுங்கினால் வயல் தூய்மையாகத் தோன்றும், விளைச்சல் இராது. சிறிது இரைச்சலோடு சொல் தெளிவாகக் கேட்கும் மறுபதிப்பு, இரைச்சலே இன்றிப் போர்வைக்குள்ளிருந்து பாடுவது போற் கேட்கும் மறுபதிப்பினும் மேலானது.

மூன்றாவது, மூலத்தட்டின் நிலையும் ஊசியின் அளவும். அரக்குத் தட்டின் கோடு அகன்றது. நெடுந்தட்டின் கோடு நுண்ணியது. நெடுந்தட்டுக்குரிய ஊசியால் அரக்குத் தட்டை இசைத்தால், அது கோட்டின் அடியிற் படிந்த அழுக்கையே தடவிச் செல்லும். கோட்டுக்கேற்ற ஊசியும், தேய்வு குறைந்த பிரதியும் கிடைத்து விட்டால் பாதிப் பணி முடிந்ததாகும். இவற்றுக்கு மாறாக, செயற்கை எதிரொலி சேர்ப்பதும், ஒலியளவை ஒரே மட்டத்துக்கு உயர்த்துவதும், முதலிற் கேட்கும்போது கவர்ச்சியாகத் தோன்றிப் பின்னர்ச் செவியைச் சலிப்பிக்கும்.

மேனாட்டாரும் இவ்வினாவோடு மல்லாடுகின்றனர். பீட்டில்ஸ் குழுவினரின் தட்டுக்கள் 2012இல் எண்முறைப் பதிவிலிருந்து வினைலாக மறுபடி வந்தன. 2014இல் அவர்களுடைய ஒற்றைத்தட ஒலிப் பதிப்புக்கள் பழைய ஒலிநாடாவிலிருந்தே நேராக வெட்டப்பெற்று வந்தன. மூலத்துக்கு எது அணுக்கம் என்று ஆர்வலர் வாதிட்டனர். ஆனால், மொபைல் ஃபிடெலிட்டி என்னும் அமெரிக்க நிறுவனம், முற்றிலும் நாடாவிலிருந்து வந்தவை என்று பலரும் நம்பிய தன் மறுபதிப்புக்களிற் பலவற்றில் இடையே எண்முறைப் பதிவைக் கையாண்டமை 2022இல் வெளிப்பட்டது. அது தெரியும் வரை அத்தட்டுக்களைப் புகழ்ந்தவர் பலர். இதனால் நாம் அறியத் தக்கவை இரண்டு. வழி எதுவாயினும் கைத்திறன் நன்றாயின் பயன் நன்றாகலாம் என்பது ஒன்று. எவ்வழியிற் பெயர்த்தோம் என்பதை உள்ளவாறு அறிவிப்பது பதிப்பிப்போர் கடன் என்பது மற்றொன்று.

ஆகவே, மறுபதிப்பொன்றைக் கையில் எடுக்கும்போது, மூலத்தட்டின் எண், பதிவான ஆண்டு, பெயர்த்த வேகம் ஆகியவற்றை அதன் உறை கூறுகிறதா என்று பாருங்கள். ஒரே பாடலுக்கு இரு பதிப்புக்கள் கிடைக்குமாயின், இரண்டையும் ஒரே ஒலியளவில் வைத்துக் கேளுங்கள். சற்றே உரக்க ஒலிப்பது சிறந்தது போல மயக்கும். அதன் பின், சொல் விளங்குகிறதா, மூச்சுக் கேட்கிறதா, சுருதி நிற்கிறதா என்று வினவுங்கள். பாடசாலைகளிலே பிள்ளைகளுக்குப் பழம் பாடல்களைக் கேட்பிக்கும் ஆசிரியர்களும் இவ்வழியைப் பின்பற்றலாம். இரைச்சல் ஏன் எழுகிறது என்று பிள்ளை கேட்டால், அரக்குத் தட்டின் வரலாற்றைச் சொல்லித் தர அதுவே நல்ல தருணம். காலத்தின் தழும்பு குரலின் மேல் இருக்கலாம்; குரல் மாறிவிடலாகாது.