உயர்தரத்துக்கு என்ன பிரிவு? கொஞ்சம் பழைய கதை



சாதாரண தரப் பெறுபேறு வந்ததிலிருந்து வீட்டுக்கு வரும் பெற்றோரின் கேள்வி ஒன்றுதான். "சேர், மகனுக்கு பயோ சரிவருமா?" மகன் பின்னால் போனைப் பார்த்துக்கொண்டு நிற்பான். அவனிடம் யாரும் கேட்பதில்லை.

இந்தக் கேள்வி நம்மவர்களின் வீடுகளுக்கு வந்தது அண்மையில்தான். 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது படிப்பெல்லாம் ஆங்கிலத்தில். 1945இல் இலவசக் கல்வி வந்து, பிறகு தாய்மொழியில் உயர்வகுப்புகளும் வந்தன. ஆனால் விஞ்ஞானத்துக்கு ஆய்வுகூடம் வேண்டும், ஆசிரியர் வேண்டும். கிராமத்துப் பாடசாலைகளில் இரண்டும் இல்லை. அதனால் கலைப்பிரிவு நாம் விரும்பி எடுத்தது என்பதை விட, இருந்தது அதுதான் என்பதே சரி. 1970களின் தரப்படுத்தலும் மாவட்ட ஒதுக்கீடும் பற்றி இன்றும் சண்டை பிடிக்கிறோம். அது தனிப் பதிவுக்குரிய விடயம்.

எங்கள் காலத்தில் நான்கு பாடங்கள். பயோ என்றால் தாவரவியல், விலங்கியல், இரசாயனவியல், பௌதிகவியல். கணிதம் என்றால் தூய கணிதமும் பிரயோக கணிதமும் வேறு வேறு. நான்கையும் கூட்டி 400க்கு எத்தனை என்று பார்ப்பார்கள். லேசான பாடம் எடுத்தவருக்கும் கடினமான பாடம் எடுத்தவருக்கும் ஒரே கூட்டல். எனவே பிள்ளைக்கு எதில் விருப்பம் என்பதல்ல, எதில் புள்ளி விழும் என்பதே பேச்சு.

நானும் பயோதான் தொடங்கினேன். வாப்பாவின் ஆசை. ஆறு மாதத்தில் விலங்கியல் ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போனார், பதிலுக்கு எவரும் வரவில்லை. டியூஷனுக்கு டவுனுக்குப் போக பஸ் காசில்லை. கலைப்பிரிவுக்கு மாறி வரலாறு படித்தேன். வருத்தமில்லை என்று சொன்னால் பொய். வாப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை, அதுதான் இன்னும் வலிக்கிறது.

பிறகு பாடங்கள் மூன்றாகின. தாவரவியலும் விலங்கியலும் உயிரியல் ஆகின, இரண்டு கணிதமும் இணைந்த கணிதம் ஆகின. 2001இலிருந்து இஸட் புள்ளி: அதே பாடம் எழுதியவர்களின் சராசரியோடு ஒப்பிட்டுத்தான் கணக்கு. 2013இல் தொழில்நுட்பப் பிரிவும் வந்தது. அதை இன்னும் "ஒன்றும் கிடைக்காதவன் போகும் இடம்" என்று சொல்பவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள், நாக்கைக் கொஞ்சம் அடக்குங்கள்.

ஒரு விடயம் கவனம். பௌதிகவியல் கஷ்டம் என்று விவசாய விஞ்ஞானத்தை எடுத்தால் மருத்துவ பீடத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. சட்டத்துக்கோ எந்தப் பிரிவிலிருந்தும் விண்ணப்பிக்கலாம். இது தெரியாமல் அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

படிவம் நிரப்ப முன், அந்த மூன்று பாடத்துக்கும் பாடசாலையில் ஆசிரியர் இருக்கிறாரா என்று அதிபரிடம் நேரே கேளுங்கள். வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு நான் வீட்டில்தான் இருப்பேன். வாருங்கள், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு. முதலில் அவன் பேசட்டும்.