கண்டி வாவிக்கரையிலே

ஊர் பார்க்கச் செல்வோரில் இருவகையினர் உண்டு. பட்டியலும் கடிகாரமுமாகச் செல்வோர் ஒரு வகையினர். கால் போன போக்கிலே நடப்போர் மற்றொரு வகையினர். கண்டி மாநகரின் வரலாறு இரண்டாம் வகையினருக்கே முழுமையாகப் புலப்படும் என்பது என் துணிபு. அங்கே நீரே நமக்கு வழிகாட்டி.

தலதா மாளிகையை விட்டு வெளியே வந்ததும் வாவி கண்ணிற் படுகிறது. மலைகளுக்கிடையே இயற்கையாகத் தேங்கிய நீர் என்றே புதியவர் கருதுவர். அஃது அன்று. அங்கே ஒருகாலத்தில் நெல் விளைந்தது. 1807ஆம் ஆண்டளவில் கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வயலுக்குக் குறுக்கே அணையெழுப்பி நீரைத் தேக்கினான். பாற்கடல் எனப் பொருள்படும் 'கிரி முகுத' என்பது அதன் பெயர். 1739 முதல் கண்டியை ஆண்ட நாயக்கர் மரபின் நான்காம் அரசன் இவன். கண்ணுசாமி என்ற இயற்பெயருடைய இவன் 1798இல் முடிசூடினான்.

இரண்டு மைலுக்குச் சற்று மிகுந்த கரையை மெல்ல நடந்து சுற்றுவோம். நீரின் விளிம்பிலே அரசியர் நீராடிய மண்டபம் நிற்கிறது. பின்னாளில் ஆங்கிலேயர் அதன்மேல் ஒரு மாடியெழுப்பி நூலகமாக்கினர். நடுவேயுள்ள தீவு அவர்கள் காலத்தில் வெடிமருந்துக் கிடங்காயிற்று. கரையோரமாக, முகில் திரண்டாற்போல வளைந்து வளைந்து செல்கிறது மேகச் சுவர். விளக்கேற்றுதற்கு அமைந்த முக்கோண மாடங்கள் அதிலே வரிசையாக உள்ளன. தேவேந்திர மூலாச்சாரி என்னும் சிற்பியின் கைவண்ணம் இவை என்பர்.

அந்தச் சுவர் முற்றுப்பெறவில்லை. ஏன்?

வயலை இழந்தவரும் மண் சுமந்தவரும் குடிமக்களே. அரச ஊழியம் என்ற பெயரால் அவர்கள் உழைப்பு கூலியின்றிப் பெறப்பட்டது. எதிர்த்தோர் கழுவேற்றப்பட்டனர் என்ற செய்தியும் வழங்கிவருகிறது. மக்களின் மனக்கசப்பும் பிரதானிகளின் பகையும் ஒன்றுசேர்ந்தன. ஆங்கிலேயர் அதனைத் தமக்குச் சாதகமாக்கினர். 1815 பெப்ரவரி 18ஆம் நாள் மன்னன் பிடிபட்டான். மார்ச் 2ஆம் நாள் மாளிகையை அடுத்த அரச மண்டபத்திலேயே கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. அரசனை இழந்த சுவர் அரைகுறையாக நின்றுவிட்டது.

அவனைக் கொடுங்கோலன் என்று எழுதியவர்கள் அவனுடைய நாட்டைக் கைப்பற்றியவர்கள். ஆதலால் அவ்வுரையை எடைபோட்டே ஏற்றல் வேண்டும். எனினும், வாவியின் அழகைக் காட்டி மக்கள் பட்ட துயரை மறைத்தலும் நேர்மையாகாது. இரண்டும் ஒரே நீரில் கிடக்கின்றன.

வாவியின் மிகைநீர் போகும் வழியிலும் சற்று நடக்கலாம். நடு வாய்க்கால் என்று பொருள்படும் 'மெத எல', அந்நீரை நகரினூடே சுமந்து சென்று கெட்டம்பே அருகே மகாவலியிற் சேர்க்கிறது. நகரின் அழுக்கையும் அதுவே சுமக்கிறது. வாவியைப் படம்பிடிக்கும் கூட்டம் இவ்வழி வருவதில்லை.

மன்னனோ 1816இல் கடல் கடத்தப்பட்டு, வேலூர்ச் சிறையிலிருந்து 1832இல் மறைந்தான். பாலாற்றங்கரையில் அவன் சமாதி இருக்கிறது. தான் தேக்கிய பாற்கடலின் கரையில் அவன் உலவிய காலம் எட்டே ஆண்டுகள். அவனுக்காக மண் சுமந்தவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. அடுத்தமுறை அக்கரையில் நடக்கும்போது அவர்களையும் ஒருகணம் நினைப்போமாக.