முதல் பத்தியில யாரு, எப்ப, எதுக்கு?

கட்டுரைன்னா முன்னுரை, பொருளுரை, முடிவுரைன்னு படிச்சு வளர்ந்தவங்கதான் நாம எல்லாரும். அந்த முன்னுரை இன்னும் மனப்பாடமா இருக்கும். ஒரு பழமொழி, கொஞ்சம் 'அறிவியல் வளர்ந்துவிட்ட இக்காலத்தில்', கடைசியா 'பற்றி இக்கட்டுரையில் காண்போம்'. மரம் வளர்ப்புக்கும் அது சரியா இருக்கும், சிறுசேமிப்புக்கும் சரியா இருக்கும். எதுக்கும் பொருந்துற முன்னுரை எதையுமே சொல்லலைன்னுதானே அர்த்தம்?

ஆனா நம்ம ஆளுங்க இந்த முதல் பத்தி விஷயத்துல ரொம்ப கறாரா இருந்தவங்க. வரலாறு எழுதுற, எழுத நினைக்கிற நண்பர்களுக்காக அதைப் பத்தி கொஞ்சம்.

பழைய நூல்களுக்கு முன்னால பாயிரம்னு ஒண்ணு இருக்கும். 13ஆம் நூற்றாண்டுல பவணந்தி முனிவர் எழுதின நன்னூல், பாயிரத்துக்குன்னே தனியா இலக்கணம் சொல்லுது. மாடத்துக்கு ஓவியம் மாதிரி, ஊருக்குக் கோபுரம் மாதிரி, நூலுக்குப் பாயிரமாம். எத்தனை விரிவா எழுதினாலும் பாயிரம் இல்லேன்னா அது நூலே இல்லைன்னு ஒரே போடா போட்டுடுறார். அதுக்கு அவர் சொல்ற பேர்கள்ல முகவுரை, அணிந்துரை ரெண்டும் இன்னிக்கும் புத்தகங்கள்ல அச்சாகுது.

பாயிரத்துல என்ன இருக்கணும்? ஒரு பட்டியலே இருக்கு. எழுதினவர் பேரு, நூல் எந்த வழியில வந்தது, எந்த எல்லைக்குள்ள வழங்குது, நூலோட பேரு, எப்படிக் கோத்திருக்கு, சொல்ற விஷயம், யாருக்காக, படிச்சா என்ன பயன். ஆக 8. இதோட காலம், அரங்கேறின களம், எழுதின காரணம்னு 3 சேர்த்து 11ன்னு சொல்றவங்களும் உண்டு. இன்னொரு விதி எனக்கு ரொம்பப் பிடிச்சது. தன் நூலைத் தானே புகழ்ந்துக்கக் கூடாது. ஆசிரியரோ, கூடப் படிச்சவரோ, மாணவரோ, உரைகாரரோதான் சிறப்புப் பாயிரம் சொல்லணும் :-)

இது வெறும் சம்பிரதாயம்னு நினைச்சா, அது இல்லாத இடத்தைப் பாருங்க. தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் பாயிரம் சொல்லியிருக்கார். வடக்கே வேங்கடம், தெற்கே குமரின்னு எல்லை, நிலந்தரு திருவின் பாண்டியன் அவை, கேட்டவர் அதங்கோட்டு ஆசான், செஞ்சவர் தொல்காப்பியன். எல்லாம் அந்தச் சில வரிக்குள்ளயே இருக்கு. நூலைப் பத்தி நமக்குத் தெரிஞ்ச வெளி விவரங்களுக்கு அதுதான் அடிப்படை. நன்னூல் பாயிரமும் அப்படித்தான். சீயகங்கன் கேட்டுக்கிட்டு பவணந்தி செஞ்சார்ங்கிறது அதுல இருந்துதான் தெரியுது. அஞ்சு இலக்கணமும் சொல்லச் சொன்னதா அதுல இருக்கு. கையில இருக்கிறதோ எழுத்து, சொல் ரெண்டுதான். மீதி மூணும் எழுதித் தொலைஞ்சு போச்சா, எழுதவே இல்லையான்னு நாம கேக்குறதுக்கே அந்தப் பாயிரம்தான் காரணம்.

அடுத்தது பதிற்றுப்பத்து. உ.வே.சா. 1904ல பதிப்பிச்சது. ஒவ்வொரு பத்துக்கும் ஒரு பதிகம் உண்டு. அது வர்றது முன்னால இல்ல, கடைசியில. ஆனா செய்யுற வேலை பாயிரத்தோட வேலைதான். பாடினவர், பாடப்பட்ட சேர அரசன், கிடைச்ச பரிசு எல்லாம் சொல்லிடும். ரெண்டாம் பத்தைப் பாடினவர் குமட்டூர்க் கண்ணனார், அரசன் இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன், பரிசு உம்பற்காட்டுல 500 ஊர். இத்தனையும் பதிகம் குடுத்த தகவல். முதல் பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்கலை, பதிகமும் சேர்ந்தே போச்சு. அதனால அங்க யார் யாரைப் பாடினாங்கன்னு அறிஞர்கள் ஊகிக்கத்தான் முடியுது.

கல்வெட்டுக்கு வருவோம். ராஜராஜன் (985-1014) கல்வெட்டுகளுக்கு முன்னால மெய்க்கீர்த்தின்னு ஒரு முகப்பு வரும். 'ராஜா புகழ் பாடுறது, அதானே'ன்னு தாண்டிப் போயிடாதீங்க. ஒவ்வொரு வெற்றி கிடைச்சதும் அது அந்தப் பட்டியல்ல ஏறிக்கிட்டே போகும். காந்தளூர்ச் சாலை முதல்லயே வந்துடும். பன்னீராயிரம் பழந்தீவு கடைசிக் காலக் கல்வெட்டுலதான் வரும். அதனால ஆட்சியாண்டு சிதைஞ்சு போன கல்வெட்டுக்கும், எந்த வெற்றி வரைக்கும் சொல்லியிருக்குன்னு பார்த்துக் காலத்தைக் கணிக்க முடியுது. சம்பிரதாய முன்னுரைதான், ஆனா உள்ளே விவரம் இருக்கு. நம்ம பள்ளிக்கூட முன்னுரையில இல்லாதது அந்த விவரம்தான்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டோட ஆரம்பம் இன்னும் அருமை. 26ஆம் ஆட்சியாண்டு, 20ஆம் நாள். அரண்மனையில கீழைத் திருமஞ்சன சாலையில உட்கார்ந்து ராஜராஜன் ஒரு உத்தரவு போடுறான். நான் குடுத்தது, அக்கா குடுத்தது, என் மனைவிமார் குடுத்தது, மத்தவங்க குடுத்தது எல்லாத்தையும் கல்லுல வெட்டுங்கன்னு. யாரு, எப்ப, எங்க, இனிமே என்ன வரப்போகுது, எல்லாம் முதல்லயே முடிஞ்சது. ஆயிரம் வருஷம் கழிச்சு வாசிக்கிற நமக்கும் அதுல ஒரு சந்தேகம் இல்லை.

இப்ப நம்ம காலத்துக்கு வாங்க. எங்க ஊர்ப் பக்கம் ஒரு கோயில் கும்பாபிஷேக மலர் பார்த்தேன். ஊர் வரலாறுன்னு 6 பக்கம். ஆரம்பமே 'தொன்மையும் பெருமையும் வாய்ந்த'ன்னுதான். உள்ளே ஒரு பஞ்சத்தைப் பத்தி, ஊர் இடம் மாறினதைப் பத்தி நல்ல நல்ல செய்தி இருக்கு. ஆனா எந்த வருஷம்னு இல்லை. யார் சொல்லிக் கேட்டதுன்னு இல்லை. எழுதினவர் பேரும் இல்லை. விசாரிச்சா, சொன்ன பெரியவரும் எழுதினவரும் போய்ச் சேர்ந்துட்டாங்களாம். முதல் பத்தியில ரெண்டு வரி கூட எழுதியிருந்தா அது சான்று. இப்ப அது வெறும் கதை. மனசுக்குக் கஷ்டமாப் போச்சு.

அதனால வரலாற்றுக் கட்டுரையோட முதல் பத்திக்கு நான் வச்சிருக்கிற பாயிர இலக்கணம் ரொம்பச் சின்னது. முதல் ரெண்டு மூணு வரிக்குள்ள ஒரு பேரு, ஒரு ஊரு, ஒரு வருஷம் வந்துடணும். இது எனக்கு எப்படித் தெரியும்னு (கல்வெட்டா, புத்தகமா, பாட்டி சொன்னதா) ஒரு வார்த்தை. எதுக்கு விடை தேடுறேன்னு ஒரு கேள்வி. எழுதி முடிச்சதும் ஒரு சோதனை: இந்தப் பத்தியைத் தூக்கி வேற ஊர்க் கட்டுரை தலையில வச்சா உட்காருதா? உட்கார்ந்தா அடிச்சுட்டு மறுபடி எழுத வேண்டியதுதான்.

'தஞ்சைப் பெரிய கோயில் தமிழரின் பெருமை'ன்னு ஆரம்பிச்சா அங்கேயே படிக்கிறவர் கண்ணு சொருகிடும். 'ராஜராஜன் தன் 26ஆம் ஆண்டில் ஓர் உத்தரவு போட்டான். அதில் தான் கொடுத்ததற்கு அடுத்தபடியாகவே அக்கா கொடுத்ததைச் சொல்கிறான், ஏன்?'னு ஆரம்பிச்சுப் பாருங்க. யாரு அந்த அக்கான்னு தேடிப் போகத் தோணும். குந்தவையைப் பத்தி ஒரு கட்டுரை அங்கேயே பிறந்துடுது.

உங்க ஊரைப் பத்தி எழுதுங்க மக்கா. சொல்லக்கூடிய பெரியவங்க இருக்கும்போதே எழுதுங்க. முதல் பத்தியில அவங்க பேரைப் போடுங்க.