கையில் இருந்த 450 பக்கங்கள்

பெரிய கம்பனிகளில் 'ஆவணப் பேணல் கொள்கை' எண்டு ஒன்று இருக்கும். பேரைக் கேட்டால் எல்லாவற்றையும் பத்திரமாக எடுத்து வைக்கிற ஏற்பாடு போலத் தெரியும். வாசித்துப் பார்த்தால், எதை எவ்வளவு காலத்தில் அழிக்க வேண்டும் என்பதுதான் அதில் பாதி. தவணை முடிந்ததும் மின்னஞ்சல்கள் தாமாகவே அழிந்துபோகும். ஊழியர்கள் தங்களுக்கெண்டு பிரதி எடுத்து வைப்பதற்கும் பல இடங்களில் தடை. காரணம் கேட்டால் சேமிப்புச் செலவு, பாதுகாப்பு, வாடிக்கையாளரின் அந்தரங்கம் என்பார்கள். அதெல்லாம் பொய் இல்லை. ஆனால் வெளியில் சொல்லாத காரணம் ஒன்றும் இருக்கு. இல்லாத மின்னஞ்சலை எந்த வழக்கறிஞரும் கேட்டு வாங்க முடியாது.

வரலாறு படிக்கிற எங்களுக்கு இது முக்கியமான விசயம். நாங்கள் 'ஆதாரம்' எண்டு சொல்லுவது, யாரோ அழிக்காமல் விட்டதைத்தான். அப்போ அழிக்கும் தவணையைத் தீர்மானிக்கிறவர் யார்?

1986 நவம்பரில் அமெரிக்க வெள்ளை மாளிகையில் இந்தக் கேள்வி எழுந்தது. ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்று, அந்தப் பணத்தை நிக்கரகுவாவின் கொன்ரா கிளர்ச்சிக்காரருக்குத் திருப்பிய விவகாரம் வெளிவரத் தொடங்கியபோது, தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் ஜோன் பொயின்டெக்ஸ்டரும் ஒலிவர் நோர்த்தும் தங்கள் மின்னஞ்சல்களை ஆயிரக்கணக்கில் அழித்தார்கள். ஆனால் அந்த அமைப்பு காப்புப்பிரதி நாடாக்களில் எல்லாவற்றையும் ஏற்கனவே பதிந்து வைத்திருந்தது. விசாரணைக் குழு அதிலிருந்துதான் அவற்றை மீட்டது. அங்கே காப்பாற்றியது ஒரு இயந்திரம். இயந்திரத்தையே கம்பனி தன் தவணைப்படி ஓட்டுகிற இடத்தில் என்ன நடக்கும்? அதற்கு நல்ல உதாரணம் லோரா சுபுலேக்கின் வழக்கு.

சுபுலேக், யூபிஎஸ் என்ற சுவிஸ் வங்கியின் அமெரிக்கக் கிளையில் ஆசியப் பங்குகள் விற்கும் பிரிவில் வேலை செய்தவர். எதிர்பார்த்த பதவி இன்னொருவருக்குப் போனது. புதிதாக வந்த முகாமையாளர் தன்னைப் பெண் என்பதற்காகப் பாகுபாடாக நடத்தினார் என்று 2001 ஓகஸ்டில் சமவாய்ப்பு ஆணைக்குழுவிடம் முறையிட்டார். ஒக்ரோபரில் வேலை போனது. 2002இல் வழக்குப் போட்டார்.

தன்னைப் பற்றி ஊழியர்கள் தங்களுக்குள் எழுதியதெல்லாம் வேண்டுமென்று அவர் கேட்டபோது, கம்பனி கொடுத்த ஆவணங்களில் மின்னஞ்சல்கள் சுமார் 100 பக்கம். இவ்வளவுதான் இருக்கு என்பது கம்பனியின் நிலைப்பாடு. ஆனால் சுபுலேக் தன் பக்கத்திலிருந்து சமர்ப்பித்த மின்னஞ்சல்களே சுமார் 450 பக்கம் இருந்தன!

கதையின் மையம் இதுதான். அந்த 450 பக்கமும் பாகுபாட்டை நிரூபித்ததா என்பது வேறு விசயம். கம்பனியின் பதில் முழுமையானதில்லை என்பதை அவை சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்டின. ஒரு சாதாரண ஊழியர் "இன்னும் இருக்க வேணும்" எண்டு வாயால் சொன்னால் யார் கேட்பார்கள்? கையில் பிரதி இருந்ததால் நீதிமன்றம் கேட்டது.

கம்பனியிடம் காப்புப்பிரதி நாடாக்கள் இருந்தன. தினசரி நாடா 20 வேலைநாள், வாராந்த நாடா ஒரு வருடம், மாதாந்த நாடா மூன்று வருடம் என்று அவற்றுக்கும் தவணை இருந்தது. வழக்கோடு தொடர்புடையவை 94 என்று முதலில் கணக்கிட்டார்கள். மீட்க நிறையச் செலவாகும் என்று கம்பனி மறுத்தது. நீதிபதி ஷீரா ஷைன்ட்லின் 2003 மே மாதத்தில், சுபுலேக் தெரிவு செய்கிற 5 நாடாக்களை முதலில் மீட்டுப் பாருங்கள் என்றார். அந்த ஐந்திலேயே தொடர்புடைய மின்னஞ்சல்கள் சுமார் 600 கிடைத்தன.

பிறகு இன்னும் வெளிவந்தது. சில நாடாக்களைக் காணவில்லை. அழிக்க வேண்டாமென்று வழக்கறிஞர்கள் சொன்ன பின்பும் சில ஊழியர்கள் அழித்திருந்தார்கள். 2001 ஏப்ரலிலேயே, எந்த வழக்கறிஞருக்கும் போகாத மின்னஞ்சல்களுக்கு 'வழக்கறிஞர்-கட்சிக்காரர் சலுகை' என்று தலைப்பிட்டிருந்தார்கள். அப்படியென்றால் வழக்கு வரும் எண்டு அப்போதே தெரிந்திருக்கிறது, பாதுகாக்கும் கடமையும் அப்போதே தொடங்கிவிட்டது என்றார் நீதிபதி. அழிந்துபோனவை கம்பனிக்குப் பாதகமானவை என்று ஜூரிகள் ஊகிக்கலாம் என 2004இல் தீர்ப்பளித்தார். 2005 ஏப்ரலில் ஜூரிகள் சுபுலேக்குக்கு 29 மில்லியன் டொலருக்கு மேல் வழங்கச் சொன்னார்கள்.

இதை வெற்றிக் கதையாக மட்டும் முடித்துவிட ஏலாது. 2006 டிசம்பரில் அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்ற விதிகள் திருத்தப்பட்டு, மின்னணுத் தகவல்களும் முறையாக உள்ளே வந்தன. அதே திருத்தம், வழமையான, நல்லெண்ணத்தோடு ஓடும் கணினி அமைப்பில் இழந்தவற்றுக்குச் சாதாரணமாகத் தண்டனை இல்லை என்றும் சொன்னது. 2015 திருத்தம் இன்னும் இறுக்கியது. மற்றத் தரப்புக்குக் கிடைக்கக்கூடாது என்ற நோக்கத்தோடு அழித்தால்தான் அந்தப் பாதகமான ஊகத்துக்கு இடமுண்டு. வழக்கு வருமென்று எதிர்பார்க்க முந்தியே தவணைப்படி அழித்து முடித்த கம்பனிக்குப் பெரிய பயமில்லை. அதனால் தவணையைக் குறுக்குவதும் பிரதி எடுப்பதைத் தடுப்பதும் கம்பனிக்கு இலாபமாகவே இருக்கிறது.

மற்றப் பக்கமும் இருக்கு. பிரதி எடுக்கிற ஒவ்வொருவரும் சுபுலேக் ஆகிவிட முடியாது. மேலதிகாரியின் மேசையைக் கிளறித் தன்னைப் பற்றிய கோப்பைப் பிரதியெடுத்த ஒரு ஊழியரின் வழக்கில், பாகுபாடு நிரூபணமானாலும் அந்தச் செயல் அவருக்குக் கிடைக்கும் நிவாரணத்தைக் குறைக்கலாம் என்று 1996இல் ஒரு மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. தனக்கு வந்த கடிதத்தை வைத்திருப்பதும் மற்றவரின் லாச்சியைத் திறப்பதும் ஒன்றில்லை. வாடிக்கையாளரின் விபரங்களை வீட்டுக்குக் கொண்டுபோவதை நானும் ஆதரிக்க மாட்டேன். சுபுலேக் பெருஞ்சம்பளம் வாங்கியவர், வருடக்கணக்கில் வழக்காட வசதியிருந்தவர் என்பதையும் மறக்கக்கூடாது. அந்த வசதி இல்லாத ஊழியரிடம் 450 பக்கம் இருந்தாலும் அது ஒரு பெட்டிக்குள்ளேயே கிடந்திருக்கும்.

ஆனாலும் ஒன்று மிச்சம். ஒரு நிறுவனத்தின் நினைவு முழுவதையும் அந்த நிறுவனமே வைத்திருந்தால், எது நடக்கவில்லை என்பதையும் அதுவே தீர்மானிக்கும். இன்றைக்குக் கம்பனிகள் அழிக்கிறவைதான் நாளைக்கு 21ஆம் நூற்றாண்டின் வேலைத்தள வரலாற்றை எழுதப் போகிறவருக்குக் கிடைக்காமல் போகும் ஆதாரங்கள். அவர் கையில் கம்பனி தெரிந்து கொடுத்த 100 பக்கம் மட்டும் இருந்தால், அதைத்தான் முழுக்கதை எண்டு நம்புவார். மிச்சம் எங்கே என்று கேட்க அவருக்குத் தோன்றவே தோன்றாது.