பதில் வராத கேள்விகள்

கட்டுமானத் துறையில் பொறியாளர்களும் மேற்பார்வையாளர்களும் கருத்துக்கணிப்புப் படிவங்களைக் கண்டாலே சலித்துக்கொள்வதற்கு, கேள்விகள் மிகுந்துவிட்டதே காரணம் என்பார்கள். வரலாறு வேறு காரணத்தைக் காட்டுகிறது. 1907 ஆகஸ்டில் கனடாவின் கியூபெக் பாலத்தில், கீழ்ப்பகுதி இரும்புச் சட்டமொன்றின் வளைவு ஒரே வாரத்தில் முக்கால் அங்குலத்திலிருந்து சுமார் இரண்டு அங்குலத்துக்கு ஏறியதைத் தளப் பொறியாளர் நார்மன் மெக்லூர் அளந்து பதிவுசெய்தார். ஆலோசகர் தியோடர் கூப்பர் இருந்ததோ நியூயார்க்கில். மெக்லூர் நேரில் போய்ச் சொன்ன பிறகு, பாரம் ஏற்ற வேண்டாம் என்று கூப்பர், பாலத்தைக் கட்டிய நிறுவனத்துக்குத் தந்தி கொடுத்தார். தளத்தில் வேலை நிற்கவில்லை. ஆகஸ்ட் 29 மாலை பாலம் இடிந்து 75 பேர் மாண்டனர். தகவல் மேலே போனது. பதில்தான் உரிய நேரத்தில் கீழே வரவில்லை.

அடிக்கடி கேட்டால் யாருக்கும் அலுக்காதா? அலுக்கும்தான். ஆனால் 1928 முதல் அமெரிக்காவின் ஹாதார்ன் தொழிற்சாலையில் சுமார் 21,000 தொழிலாளர்களிடம் பேட்டி கண்டபோது, தயாரித்த கேள்விகளைக் கைவிட்டு அவர்களைப் பேசவிட்டதும் பேட்டிகள் நீண்டனவே தவிரச் சுருங்கவில்லை. திட்டம் முடிந்ததும் குழு கலைந்துவிடும் துறையில் யாருக்குப் பதில் சொல்வது என்பது நியாயமான அடுத்த கேள்வி. பிரிட்டனில் 2005-இல் தொடங்கிய ‘கிராஸ்’ அமைப்பு, பொறியாளர்கள் ரகசியமாக அனுப்பும் பாதுகாப்புக் குறைகளைப் பெயர் நீக்கி, நிபுணர் கருத்துடன் துறை முழுவதற்கும் வெளியிடுகிறது. ஆகவே படிவத்தைச் சுருக்குவதைவிட, முந்தைய கணிப்பால் என்ன மாறியது என்று சொல்லாமல் அடுத்ததை அனுப்பாதிருப்பதே சரியான மருந்து.